சோலை வரி கட்டுபவர்கள் கேட்க வேண்டிய கணக்கு

வருடக் கடைசி வந்தால் யாழ்ப்பாணத்தில் மாநகர சபையின் பாதீடு, அதாவது வரவு செலவுத் திட்டம், பற்றித்தான் பேச்சு. 45 உறுப்பினர்களில் யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருப்போம். அந்தப் பேச்சும் தேவைதான். 2020 டிசம்பரில் பாதீடு இரண்டு தடவை தோற்று, மாநகர முதல்வரே பதவி இழந்தார். ஆனால் உள்ளூராட்சி சபைகளின் கணக்காய்வில் நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாதீடு வெறும் மதிப்பீடு. போன வருடம் உண்மையில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்பதைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும்.

வீடு, காணிகளுக்காக வருடாவருடம் சபைக்குக் கட்டும் சோலை வரியையே எடுத்துக்கொள்வோம். ஜனவரி 31க்குள் வருட வரி முழுவதையும் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு. ஒழுங்காகக் கட்டுபவர்கள் அதற்குள் கட்டிவிடுவார்கள். சிக்கல் நிலுவையில். வடக்கில் ஒரு சபையின் நிலுவைப் பட்டியலைப் பார்த்தபோது, காணிக்காரர் காலமாகிப் பல வருடம், பிள்ளைகள் கனடாவில், உரிமை மாற்றம் பதியவே இல்லை. வாடகைக்கு இருப்பவர் வரித்துண்டை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவார். அந்தப் பணம் வராது என்று வருமானப் பரிசோதகருக்கும் தெரியும், கணக்காளருக்கும் தெரியும். இருந்தும் அடுத்த வருட மதிப்பீட்டில் அதே தொகை வருமானமாக ஏறும். அதை நம்பி ஒரு வடிகானுக்குப் பணம் ஒதுக்குவார்கள். பணம் வராது, ஒப்பந்தக்காரரின் பில் தேங்கும், வடிகான் பாதியில் கிடக்க மாரி வந்துவிடும். வெள்ளம் வீட்டுக்குள் வரும்போதுதான் அந்தக் கணக்கு நமக்குத் தெரியவரும்.

அப்புறம் ஆளணி, அதாவது சபையின் ஊழியர் எண்ணிக்கை. எந்தப் பதவிக்கு எத்தனை பேர் என்ற அங்கீகாரத்தை முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் தருகிறது. நிரந்தர ஊழியர் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு மாகாணம் ஊடாக மீளளிக்கிறது. வெற்றிடங்கள் வருடக்கணக்கில் நிரப்பப்படாதபோது சபைகள் அமைய ஊழியர்களை, அதாவது நிரந்தர நியமனம் இல்லாதவர்களை, எடுக்கின்றன. எடுப்பதைக் குறை சொல்ல முடியாது, வேலை நடக்க வேண்டுமே. ஆனால் யாரை, எந்த அடிப்படையில் எடுத்தார்கள், எந்த வேலையில் விட்டார்கள் என்பது வெளியே வருவதே இல்லை. சுகாதாரத் தொழிலாளி என்று வரவுப் பதிவேட்டில் இருக்கும் ஒருவர், நாள் முழுக்கக் கருமபீடத்தில் ரசீது எழுதுவதை நான் கண்டிருக்கிறேன். கணக்காய்வில் ஐயவினா போட்டு விளக்கம் கேட்டால் "அலுவலகத்தில் ஆள் போதாது" என்ற பதில் வரும். அது உண்மையும்தான். ஆனால் ஒழுங்கையில் குப்பை ஏற்ற ஆள் இல்லாமல் போனதும், மிச்சமிருக்கும் தொழிலாளர்கள் இரட்டிப்பு வேலை செய்வதும் அதே உண்மையின் மறுபக்கம். எழுதுவினைஞர் வெற்றிடத்தை மறைக்க அந்தத் தொழிலாளர்களின் முதுகைப் பயன்படுத்துவதை என்னால் ஏற்கவே முடியாது.

இதைச் சரிசெய்யப் பெரிய மென்பொருள் ஒன்றும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, தமிழில், ஒரே தாளில் போட்டாலே போதும்: மதிப்பிட்ட வருமானம், வந்த வருமானம், ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட நிலுவை தனியாக, அங்கீகரித்த ஆளணி, இருப்பவர்கள், அமைய ஊழியர்கள் பகுதிவாரியாக. பொது நூலகம் சபையுடையதுதான். பத்திரிகை படிக்கும் இடத்தில் ஒட்டலாம்.

சபை தானாகத் தராவிட்டால் நாம் கேட்டு வாங்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி சபைகளுக்கும் பொருந்தும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் சபையில் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். "நிதி நிலைமை என்ன?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "கடந்த வருடம் டிசம்பர் 31இல் இருந்த அமைய ஊழியர்களின் எண்ணிக்கை, நியமித்த பதவி, தற்போது கடமையாற்றும் பகுதி" என்று எழுதிக் கேளுங்கள். கூடவே, கணக்காய்வாளர் நாயகம் அந்தச் சபைக்குக் கடைசியாகக் கொடுத்த அறிக்கையின் பிரதியையும், அதற்குச் சபை எழுதிய பதிலையும் கேளுங்கள்.