வலிக்கல, அதனாலதான் வரல டாக்டர்

போன வருஷம் 19 வயசு பையன் ஒருத்தன் அப்பாவோட வந்தான். வாயில அப்பப்போ உப்பு கரிக்கிற மாதிரி ஏதோ கசியுதுன்னு சொன்னான், வலி கிடையாது, முகத்துல வீக்கமும் கிடையாது. ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஒரு இடத்துல அதே பக்கம் ஞானப்பல்ல எடுத்து, கூட இருந்த "நீர்க்கட்டி"யையும் சுரண்டி எடுத்திருக்காங்க. எடுத்த சதைய லேப்ல சோதிச்ச பயாப்சி ரிப்போர்ட் எங்க தம்பின்னு கேட்டேன், அப்படி எதுவும் குடுக்கலன்னான். அப்பவே மனசு கனமாயிடுச்சு.

ஓபிஜி, அதாவது ரெண்டு தாடையும் முழுசா தெரியுற எக்ஸ்ரே எடுத்து பாத்தா, கீழ் கடவாப்பல்லுல ஆரம்பிச்சு காதுக்கு கீழ தாடை மேல ஏறுற இடம் வரைக்கும் ஒரே கருப்பு நிழல். பஞ்சுல கோல்ட் ஸ்ப்ரே அடிச்சு பக்கத்து பல்லுல வெச்சேன், சட்டுன்னு கூசி தலைய பின்னால இழுத்துக்கிட்டான், அதாவது பல்லு உயிரோட இருக்கு. சொத்தைப் பல்லால வர்ற சாதாரண கட்டின்னா அந்த பல்லு செத்துப் போயிருக்கும், அதனால ரூட் கெனால் பண்ணி இத தீர்க்க முடியாது.

அடுத்து ஊசி போட்டு உறிஞ்சிப் பாத்தேன், இத எந்த தாடைக் கட்டியிலயும் கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி செய்யணும். சுத்த ரத்தமா வேகமா ஏறுச்சுன்னா அது ரத்தக்குழாய் கட்டியா இருக்கலாம், அங்க பல்ல பிடுங்கினா உயிருக்கே ஆபத்து. இவனுக்கு வந்தது வெண்ணெய் மாதிரி கெட்டியா, வெள்ளையா. ஒரு துண்டு எடுத்து, கெட்டுப் போகாம இருக்க 10% ஃபார்மலின்ல போட்டு லேபுக்கு அனுப்பினேன், ஓடோன்டோஜெனிக் கெரட்டோசிஸ்ட்னு ரிப்போர்ட் வந்துச்சு, பல்லு உருவாகுற திசுல இருந்து வர்ற ஒரு வகை தாடைக் கட்டி. தாடைய வெளிய உப்ப வைக்காம எலும்புக்குள்ளயே நீளவாக்குல பரவுறதுதான் இதோட குணம், அதான் வீட்ல யாருக்கும் தெரியல. உலக சுகாதார நிறுவனமே இத 2005ல ட்யூமர் லிஸ்ட்ல சேத்து 2017ல திரும்ப சிஸ்ட்டுன்னு மாத்துச்சு, அவ்ளோ குழப்பமான ஆளு இது.

எக்ஸ்ரேல டென்டிஜிரஸ் சிஸ்ட் (முளைக்காத பல்ல சுத்தி வர்ற நீர்க்கட்டி), கெரட்டோசிஸ்ட், அமிலோபிளாஸ்டோமா (தாடைல வர்ற ஒரு ட்யூமர்) மூணுமே ஒரே மாதிரி தெரியலாம். ஆனா முதல் கட்டிய முழுசா எடுத்துட்டா பெரும்பாலும் அதோட முடிஞ்சுது, ரெண்டாவதுல அந்த மெல்லிசான உறை கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் வருஷக்கணக்கு கழிச்சு திரும்ப வரும், மூணாவதுக்கு தாடை எலும்பையே சேத்து வெட்ட வேண்டி வரலாம். இத பிரிச்சு சொல்றது மைக்ரோஸ்கோப்தான், எவ்ளோ அனுபவசாலி கண்ணா இருந்தாலும் சரி. இளம் டாக்டர்களே, எடுத்தத குப்பைல போடாதீங்க, ப்ளீஸ். பேஷன்ட்டுங்களும் ரிப்போர்ட்ட கேட்டு வாங்கி பத்திரமா வெச்சிருங்க.

இன்னொன்னு, அந்த ஓபிஜில இடது பக்கமும் சின்னதா ஒரு நிழல் இருந்துச்சு. சின்ன வயசுல ஒண்ணுக்கு மேல கெரட்டோசிஸ்ட் வந்தா கோர்லின் சின்ட்ரோமான்னு பாக்கணும், பரம்பரையா வர்றது, பிற்பாடு தோல் கேன்சர் வரவும் வாய்ப்பு உண்டு. செஸ்ட் எக்ஸ்ரேல ஒரு விலா எலும்பு நுனியில ரெண்டா பிரிஞ்சிருந்துச்சு, அது இந்த சின்ட்ரோமோட ஒரு அடையாளம். கைய கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணில வெக்க சொல்லி உள்ளங்கைய பாத்தேன், குண்டூசியால குத்தின மாதிரி சின்ன சின்ன குழிங்க, அதுவும் ஒரு அடையாளம்தான். பக்கத்துல நின்ன அப்பா தன் கையையும் விரிச்சு பாத்துட்டு, "எனக்கும் இப்படித்தான் சார் ரொம்ப வருஷமா இருக்கு"ன்னாரு. அன்னைக்கே அவருக்கும் ஓபிஜி எடுத்தோம், மேல் தாடைல அதே மாதிரி ஒரு நிழல் இருந்துச்சு, அவருக்கும் வலியே இல்ல.