வளர்ச்சி 5% என்று தட்டுவதற்கு முன்

கம்பெனிக்கு மதிப்புப் போட்டு என்னிடம் வருவதில், இந்த மாதம் இது நான்காவது எக்ஸெல். ஐந்து வருடக் கணக்கை அழகாகப் போட்டுவிட்டு, கடைசியில், அதற்குப் பிறகு காலத்துக்கும் 'நிரந்தர வளர்ச்சி 5%' என்று தட்டியிருக்கிறார்கள். கம்பெனியின் மதிப்பு எகிறிவிட்டது. இந்த வளர்ச்சிக்குப் பணம் எங்கே என்று கேட்டால், "விற்பனை தானாகக் கூடும் சார்" என்று பதில்.

தானாகக் கூடாது ஐயா. வரி போக லாபம் 100, முதலீட்டாளர் எதிர்பார்ப்பது 12% என்று வைத்துக்கொள்வோம். வளர்ச்சியே இல்லாவிட்டால், 100-ஐ 12 சதவீதத்தால் வகுக்க மதிப்பு 833. இவர்கள் 12-இல் 5-ஐக் கழித்து, 100-ஐ 7 சதவீதத்தால் வகுத்து 1,429 என்கிறார்கள். ஆனால் 5% வளர, லாபத்தில் ஒரு பங்கைத் திரும்பத் தொழிலில் போட்டாக வேண்டுமே! புதிதாகப் போடும் பணம் 12% ஈட்டினால், சுமார் 42 உள்ளே போய்விடும். கையில் மிஞ்சுவது 58. அதை அந்த 7 சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள், அதே 833தான். 10% மட்டுமே ஈட்டினால் பாதி லாபம் உள்ளே போகும், மதிப்பு 714. வளர்ந்ததால் வந்த நஷ்டம் இது. 20% ஈட்டுகிற கம்பெனிக்குத்தான் 1,071 வரும். அதற்கும் 1,429 இல்லை.

"சரி, பணவீக்கத்துக்கு ஏற்ப விலையை ஏற்றினால் போதுமே?" விலை ஏறினால் சரக்கு வாங்கவும் வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கவும் கூடுதல் பணம் முடங்கும். அப்புறம் வரி. 10 வருடம் முன்பு 100-க்கு வாங்கிய இயந்திரம், 7% பணவீக்கத்தில் இன்று 200-ஐ நெருங்கும். தேய்மானமோ, அதாவது இயந்திர விலையில் வருடா வருடம் செலவாகக் கழிக்கும் பங்கோ, பழைய விலையில்தான், வருடம் 10. இன்றைய விலையில் அது 20 ஆக வேண்டும். அந்த வித்தியாசம் லாபமாகத் தெரியும். 25% வரி என்றால் இரண்டரை போய்விடும். லாபம் பொய், வரி மட்டும் நிஜம்.

இன்னொரு கூத்து: பணவீக்கத்தை நீக்கிய பணவரவை, பணவீக்கம் சேர்ந்த டிஸ்கவுண்ட் ரேட்டில் (வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம், மேலே சொன்ன 12% போல) கழிப்பது. பங்குச் சந்தையே இந்தத் தவறைச் செய்கிறது என்று பொருளாதார அறிஞர்கள் மோடிக்லியானியும் கோனும் 1979-இலேயே வாதிட்டார்கள். நம் எக்ஸெல் எம்மாத்திரம்! இரண்டிலும் பணவீக்கம் இருக்கட்டும், அல்லது இரண்டிலும் வேண்டாம்.

இன்றைய வரிச் சலுகையையும் காலத்துக்கும் நீட்டாதீர்கள், முடியும் தேதியைப் பாருங்கள். பொருளாதாரத்தையே மிஞ்சும் வேகத்தில் எந்தக் கம்பெனியையும் நிரந்தரமாக ஓடவிடாதீர்கள். தயவுசெய்து, 'மறுமுதலீடு' என்று ஒரே ஒரு வரிசையாவது சேர்த்துவிட்டு எனக்கு அனுப்புங்கள்.