வைஃபை தடுமாறுகிறதா, ஃபயர்வால் தடுக்கிறதா?

மதுரை மாசி வீதிகளில் ஏதாவது ஒரு மாடியில் மடிக்கணினியைத் திறந்து வைஃபை பட்டியலைப் பாருங்கள். பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். கீழே கடை, மேலே குடியிருப்பு, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஆளுக்கொரு ரவுட்டர். அவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் நெருக்கியடித்துக்கொண்டு இயங்குகின்றன. அங்கே 13 சேனல்கள் உண்டு என்றாலும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு ரவுட்டருக்கோ 20 மெகாஹெர்ட்ஸாவது வேண்டும். அதனால்தான் 1, 6, 11 ஆகிய மூன்றை மட்டும் பயன்படுத்தச் சொல்கிறார்கள்.

பக்கத்து வீட்டு ரவுட்டரும் உங்கள் சேனலிலேயே இருந்தால் பெரிய ஆபத்தில்லை. வைஃபை கருவி எதையும் அனுப்பும் முன் கவனித்துப் பார்க்கும். வேறொன்று அனுப்பிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். வேகம் குறையும், அவ்வளவுதான். 3, 4 என்று நடுவில் ஒருவர் புகுந்தால்தான் வம்பு. இரண்டு பக்கத்துக்கும் அது வெறும் இரைச்சல். மைக்ரோவேவ் அடுப்பு காத்திருக்கவும் செய்யாது, 2.45 கிகாஹெர்ட்ஸை ஒட்டி அதன் அலை கொஞ்சம் கசியும். யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கும் அதன் கேபிளும்கூட இதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் நிறுவனமே இதை 2012இல் அளந்து வெளியிட்டது. வயர்லெஸ் மவுஸ் துள்ளினால் அதன் ரிசீவரை ஹார்ட் டிஸ்க்கை விட்டுத் தள்ளிச் செருகிப் பாருங்கள்.

சரி, கோளாறு காற்றிலா, கணினிக்குள்ளா? ரவுட்டரின் முகவரிக்கு (பல வீடுகளில் 192.168.1.1) தொடர்ந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) அனுப்புங்கள். பதில் சில மில்லி விநாடிகளில் வந்து, திடீரென்று நூற்றுக்கணக்கில் எகிறி, நடுநடுவே வராமலே போனால் சந்தேகம் காற்றின் மேல். லேன் கேபிள் செருகியதும் அது சீரானால் சந்தேகமே வேண்டாம். பிங் ஒழுங்காக வருகிறது, அதே வைஃபையில் போனும் வேலை செய்கிறது, கணினியில் மட்டும் தளங்கள் திறக்கவில்லை என்றால் ஃபயர்வாலைப் பாருங்கள், அதாவது கணினிக்குள் வந்துபோகும் தகவலை வடிகட்டும் காவல் மென்பொருளை. அது குறிப்பிட்ட ஒன்றை எப்போதும் ஒரே மாதிரி தடுக்கும். அடுப்பைப் போல நேரம் பார்த்து வருவதில்லை.

பழைய ஆன்ட்டிவைரஸோடு வந்த ஃபயர்வாலை 'ஆஃப்' செய்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. அதன் வடிகட்டி டிரைவர் (தகவலை இடைமறித்துச் சோதிக்கும் மென்பொருள் துண்டு) கணினியின் நெட்வொர்க் அடாப்டரோடு ஒட்டிக்கொண்டே இருக்கலாம். சில சமயம் அன்இன்ஸ்டால் செய்த பிறகும் போகாது. அதைத் தயாரித்தவர்களே தரும் நீக்கும் கருவியை ஓட்டிவிட்டு, விண்டோஸின் சொந்த ஃபயர்வால் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் சேர்ந்து குழப்புவதும் உண்டு. நெரிசலுக்குப் பயந்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது நல்ல யோசனைதான், பழைய வீட்டுத் தடிச்சுவர்கள் அதை அதிகமாகவே குறைக்கும் என்றாலும். ஆனால் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு, வழக்கமாக 'பப்ளிக்' (நம்ப முடியாத பொது இடம்) பிரிவில் சேர்த்துவிடும். உடனே ஃபயர்வால் இறுகும். ஜெராக்ஸ் கடையில் நேற்றுவரை ஓடிய ஷேர் பிரிண்டர் காணாமல் போகும். கடைக்காரர் ரவுட்டரைத் திட்டுவார். செய்ய வேண்டியது செட்டிங்ஸில் அந்த நெட்வொர்க்கை 'பிரைவேட்' என்று மாற்றுவதுதான்.