டயர்: சக்கரம் சூடிக்கொண்ட சொல்

அமெரிக்காவில் பிக்கப் (பின்னால் திறந்த சரக்குத் தொட்டி உள்ள வண்டி) ஓட்டுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "நாலு டயரும் புதுசு. ஆனா ஸ்டியரிங் மட்டும் தொளதொளன்னு இருக்கு." வண்டி அதே வண்டி, ஓட்டுகிற கையும் அதே கை. மாறியது சக்கரத்தின் உடுப்பு மட்டும்.

உடுப்பு என்று சொல்லக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் உடை, அலங்காரம் என்ற பொருளுள்ள 'அட்டயர்' என்ற சொல் தலை தேய்ந்து 'டயர்' ஆயிற்று. 15ஆம் நூற்றாண்டில் அது மரச்சக்கரத்தின் விளிம்பில் அடித்த இரும்புத் தகடுகளைக் குறித்தது. பிறகு ஒரே வளையமாகக் காய்ச்சி மாட்டிய பட்டையைக் குறித்தது. அதே சொல்லுக்குப் பெண்கள் தலையில் அணியும் அணி என்ற பொருளும் அங்கே இருந்தது. காற்றடைத்த ரப்பர் வளையத்துக்கு ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இல் காப்புரிமை வாங்கினார். அது எடுபடவில்லை. 1888இல் டன்லப் மறுபடி செய்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பொருள் மாறியும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது.

தமிழும் இதே வழியில் நடந்திருப்பதுதான் வியப்பு. உமணரின் உப்பு வண்டியை வருணிக்கும் பெரும்பாணாற்றுப்படை 'கொழுஞ்சூட்டு' என்கிறது. சூட்டு என்றால் சக்கரத்தின் ஆர்க்கால்களை, அதாவது ஆரங்களைச் சுற்றி வளைந்து நிற்கும் விளிம்பு மரம். தலையில் சூடும் பூமாலைக்கும் நெற்றிப் பட்டத்துக்கும் அதே சொல்தான். சூடுவது சூட்டு. (இரும்புப் பட்டாவைக் காய்ச்சிச் சூட்டோடு மாட்டுவதால் வந்த பெயர் என்று நினைக்கத் தோன்றும். அந்தச் சூடு வேறு.)

இன்று எழுத்தில் உருளிப்பட்டை, சக்கரப்பட்டை என்ற சொற்கள் புழங்குகின்றன. பட்டை என்றதும் தட்டையான இரும்புதான் கண்ணில் வருகிறது. காற்றடைத்த ரப்பருக்கு அது பொருந்தவில்லை. 'சக்கரச்சூட்டு' என்றால் பழைய சொல்லும் பிழைக்கும், குழப்பமும் இராது என்பது என் கட்சி. ஆனால் பேச்சில் டயரை அசைக்க முடியாது. மாட்டு வண்டியையே கட்டை வண்டி, டயர் வண்டி என்று பிரித்துப் பேசும் ஊர் நம்முடையது. யாழ்ப்பாணத்தார் 'ரயர்' என்று எழுதுவார்கள்.

இனி அந்தத் தொளதொளப்பு. டயர் தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுதான். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் முறுகுவது அங்குள்ள ரப்பர். அது முறுகித் தரையைத் தள்ளிய பிறகே வண்டி திரும்பும். புது டயரில் பட்டன்கள், அதாவது தரையைத் தொடும் பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டிகள், உயரம். கரடுமுரடுப் பாதைக்கான பிக்கப் டயரில் 12 மி.மீ.க்கு மேலும்கூட இருக்கும். உயரமான பட்டன் வளைந்து கொடுத்துவிட்டுத்தான் விசையை மேலே அனுப்பும். அந்த நொடிப்பொழுது தாமதம் கையில் தொளதொளப்பாகப் படுகிறது. தேய்ந்த டயரில் பட்டன் குட்டை, வளைய இடமில்லை. அதனால் பழைய டயர் கூர்மையாகத் திரும்பியதாக நினைவில் தங்கிவிடுகிறது. வார்த்தெடுக்கும் அச்சிலிருந்து டயர் ஒட்டாமல் வரப் பூசும் வழுக்குப் பூச்சின் மிச்சமும் தொடக்கத்தில் பிடியைக் குறைக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டச் சொல்வது அதனால்தான்.

பிக்கப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபோர்டு எஃப்-150 போன்ற வண்டிகள் பலவும் ஷோரூமிலிருந்து வரும்போது கார் வகை டயரோடு வருகின்றன. உடையவர் அதைக் கழற்றிவிட்டு 'எல்டி' எழுத்துள்ள சுமை வண்டி டயரைப் போடுகிறார். அதன் பக்கச்சுவர் தடிப்பு, எடை கூடுதல். அதே சுமையைத் தாங்க அதற்குக் காற்றழுத்தமும் கூடுதலாக வேண்டும். கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் பழைய டயருக்குச் சொன்ன அழுத்தக் கணக்குக்கே காற்றடித்தால் ஸ்டியரிங் மந்தமாகும், சுமை தாங்கும் திறனும் குறையும். அகலமான டயராக இருந்தால் நிறுத்துமிடத்தில் கை வலிக்கும். சாலையில் சக்கரத்தடம் பள்ளமாக விழுந்திருந்தால் வண்டி அந்தத் தடத்தையே பிடித்துக்கொண்டு ஓடப் பார்க்கும்.

வண்டி ஒரே பக்கமாக இழுத்தால் மட்டும் 'புது டயர்தானே' என்று விட்டுவிடாமல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்ற சோதனை) பார்க்க வேண்டும். வெறும் தொளதொளப்பு என்றால் பட்டன் தேயத் தேயக் கூர்மை தானாகத் திரும்பும். ஈரச்சாலையில் பிடி குறைவதும் அதே தேய்மானத்தால்தான். பட்டன் உயரம் 1.6 மி.மீ.க்கு வந்துவிட்டால் அது மொட்டை டயர்.