நகலெடுக்கையில் வீங்கும் டிஸ்க் இமேஜ்

ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கு (மென்பொருளால் உருவான கணினிக்கு) 100 ஜிபி வட்டு ஒதுக்கினாலும், அந்த வட்டை டிஸ்க் இமேஜ் எனும் கோப்பாகத் தாங்கும் சர்வரில் அவ்வளவு இடம் உடனே செலவாக வேண்டியதில்லை. கோப்பு முறைமை, எழுதப்பட்ட பகுதிகளுக்கு மட்டும் வட்டில் இடம் கொடுத்துவிட்டு, எழுதப்படாதவற்றைத் துளைகளாகக் கணக்கில் மட்டும் வைத்துக்கொள்ள முடியும். லினக்ஸில் ‘எல்எஸ்’ கட்டளை 100 ஜிபி என்று காட்டும் கோப்பை ‘டியூ’ கட்டளை 8 ஜிபி என்று காட்டலாம். இரண்டுமே சரியான விடைகள்தான்: முன்னது கோப்பின் நீளம், பின்னது வட்டில் அது பிடித்த இடம்.

துளையைப் படிக்கும் நிரலுக்குப் பூஜ்ஜியங்களே கிடைக்கின்றன. துளையை அறியாத நகல் நிரல் அவற்றையும் தரவாகக் கருதி, 100 ஜிபியையும் படித்து, அனுப்பி, மறுமுனையில் எழுதிவிடும். செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) இரு பக்கமும் ஒத்துப்போவதால், சேமிப்பகம் நிரம்பும் வரை யாருக்கும் ஐயம் எழாது.

தீர்வு இரு வகை. படித்த தரவில் தொடர்ந்து பூஜ்ஜியங்கள் வந்தால் அந்த இடத்தை எழுதாமல் தாண்டிச் செல்வது ஒன்று. விர்ச்சுவல் மெஷின்களை இயக்கும் மென்பொருளான கியூஎமுவின் இமேஜ் மாற்றும் கருவி, வேறு அளவு சொல்லாவிட்டால், 4 கேபி அளவில் இப்படிச் சோதிக்கிறது. இதில் இடம் மிச்சமாகும், படிக்கும் நேரம் மிச்சமாகாது. எந்தப் பகுதி துளை, எந்தப் பகுதி தரவு என்று கோப்பு முறைமையிடமே கேட்பது மற்றொன்று. சோலாரிஸ் இயங்குதளத்தில் தோன்றிய இந்த வசதி 2011-இல் லினக்ஸ் 3.1-இல் சேர்ந்தது. என் கணிப்பில், பெரிய இமேஜ்களுக்கு இதுவே முறையான வழி.

ஆனால் தாண்டிச் செல்வது எப்போதும் பாதுகாப்பானதல்ல. இலக்கு புதிய, வெற்றுக் கோப்பாக இருந்தால் கவலையில்லை. அங்கே பழைய தரவு கிடந்தால், தாண்டப்பட்ட இடத்தில் அந்தப் பழைய தரவே நிலைத்து, நகல் பிழையாகிவிடும். இடமிழப்பை விட இது பெரிய ஆபத்து. அத்தகைய இலக்கில் பூஜ்ஜியத்தை எழுத வேண்டும், அல்லது துளையிடும் வசதியால் அந்தப் பகுதியை விடுவிக்க வேண்டும். கோப்புகளை நகலெடுத்து ஒத்திசைக்கும் நிரலான ஆர்சிங்க்கின் பழைய பதிப்புகளில், இருக்கும் கோப்பின் மீதே எழுதும் தேர்வையும் துளை காக்கும் தேர்வையும் சேர்த்துப் பயன்படுத்த இயலாதிருந்தது. பின்வந்த பதிப்புகள் அதை அனுமதிக்கின்றன.

மெஷின் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் வட்டை நெட்வொர்க் வழியே வேறு சர்வருக்குப் பிரதி செய்கையில், துளை பற்றிய செய்தியும் இடையிலுள்ள நெறிமுறை வழியாகச் செல்ல வேண்டும். தொலைவிலுள்ள வட்டை நெட்வொர்க் வழியே பயன்படுத்த உதவும் என்பிடி நெறிமுறையில் எந்தப் பகுதி துளை என்று கேட்கவும், பூஜ்ஜியங்களை அனுப்பாமலே ஒரு பகுதியைப் பூஜ்ஜியமாக்கச் சொல்லவும் விரிவாக்கங்கள் உள்ளன; அவற்றை இரு முனைகளும் ஏற்காவிட்டால் துளைகள் சாதாரணத் தரவாகவே கடந்துவிடும்.

இவ்வளவு செய்தும், மெஷினுக்குள் அழிக்கப்பட்ட கோப்புகளின் எச்சம் தரவாகவே நகலாகும், ஏனெனில் அழித்த செய்தி கீழுள்ள இமேஜுக்குத் தானாகத் தெரிவதில்லை. மெய்நிகர் வட்டு டிஸ்கார்டை (இந்த இடம் இனி தேவையில்லை என்ற அறிவிப்பை) ஏற்கும்படி அமைத்து, நகலுக்கு முன் மெஷினுக்குள் அதை அனுப்பும் ‘எஃப்எஸ்டிரிம்’ கட்டளையை ஓட்டினால் அந்த இடங்களும் துளைகளாகும்.