ஈதர்நெட் – சொல் விளக்கம்

கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகளைக் கம்பியால் இணைத்துத் தரவு அனுப்பும் முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். கும்பகோணத்துக் கடையில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. 'லேன் ஒயர்', 'லேன் கார்டு' என்பதுதான் வழக்கம். ஆனால் லேன் என்பது வீடு, அலுவலகம் போன்ற ஓரிடத்துக் கணினி வலை முழுவதற்குமான பெயர். வைஃபையும் அதில் அடக்கம்.

சொல்லின் முதல் பாதி கிரேக்கம். 'ஐதெர்' என்றால் மேலுலகத்துத் தூய காற்று. ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கப் பயன்பட்ட ஈதருக்கும் இதே வேர்தான். ஒளி அலை பரவ ஏதோ ஓர் ஊடகம் வேண்டுமே என்று யோசித்த 19ஆம் நூற்றாண்டு இயற்பியலாளர்கள், வெளியெங்கும் நிறைந்திருப்பதாக அவர்கள் நம்பிய அந்த ஊடகத்துக்கு ஈதர் என்ற பெயரைச் சொன்னார்கள். 1887இல் மைக்கல்சனும் மார்லியும் செய்த சோதனையில் அது அகப்படவில்லை. இல்லாத பொருளின் பெயரை 1973இல் மறுபடி எடுத்தவர் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் பாப் மெட்காஃப். காரணம் இருந்தது. அவருடைய அமைப்பில் எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியில் தொங்கின. ஒன்று அனுப்புவது எல்லாவற்றுக்கும் கேட்கும். டீக்கடை பெஞ்சுப் பேச்சு மாதிரி, இருவர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் இருவரும் நிறுத்திக் கொஞ்சம் பொறுத்துத் தொடர வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஈதருக்கு நெருக்கமானது ஆகாயம்; ஐம்பூதங்களில் ஐந்தாவதான அதைத் தொல்காப்பியம் விசும்பு என்கிறது. அதற்குரிய தலம் நம் சிதம்பரம். 'விசும்புவலை' என்றால் காதுக்கு இனிமைதான், ஆனால் கேட்பவர் செயற்கைக்கோளை நினைப்பார். 'கம்பிவலை' என்றால் கோழிக்கூட்டுக்கு அடிக்கிற வலை வந்து சேரும். என் ஓட்டு 'ஈதர்வலை'க்கு. ஈதர் ஒரு பழைய கருத்தின் பெயர், அதை அப்படியே விட்டுவிடலாம். நெட் வெறும் வலைதான்.

486 என்ற பழைய இன்டெல் சில்லு உள்ள கணினியை வீட்டு வலையில் சேர்க்கும்போது இந்த வரலாறு கையில் தட்டுப்படும். அக்காலத்து ஈதர்வலை அட்டைகள் (கடைக்காரர் சொல்லும் லேன் கார்டுகள்) பலவற்றில் டிவி கேபிள் போன்ற ஒயருக்கான வட்ட முனை இருக்கும். அது அந்தப் பொதுக்கம்பியின் வாரிசு; இன்றைய ரவுட்டரில் அதற்கு இடமில்லை. இன்றைய லேன் ஒயர் நுழையும் சதுர முனையும் உள்ள, என்இ2000 என்ற பழைய மாதிரியைச் சேர்ந்த அட்டை கிடைத்தால் வேலை சுலபம். அட்டையின் வேகம் நொடிக்கு 10 மெகாபிட்தான் என்றாலும் பெரும்பாலான கிகாபிட் ரவுட்டர்கள் அதற்கு இறங்கி வரும். அக்காலத்து இயங்குதளமான டாஸில் முதலில் அட்டையை இயக்கும் பாக்கெட் டிரைவர் என்ற நிரலை ஏற்றி, அப்புறம் டாஸுக்கான எம்டிசிபி என்ற வலை நிரல் தொகுப்பிலுள்ள டிஹெச்சிபி நிரலை ஓட்டினால், வலையில் கணினியை அடையாளம் காட்டும் ஐபி முகவரி ரவுட்டரிடமிருந்து வந்துவிடும். இன்றைய இணையதளங்கள் கேட்கும் மறைகுறியாக்கம் அந்தக் கால உலாவிகளுக்குத் தெரியாது, அதனால் அவை திறக்காது. எஃப்டிபி என்ற பழைய கோப்புப் பரிமாற்ற முறை வழியாக வீட்டிலுள்ள இன்னொரு கணினியோடு கோப்புகளை மாற்றிக்கொள்வதில் சிக்கல் இல்லை.