அதிர்வு நின்றால் அதுவும் ஒரு செய்தி: தொட்டிகளில் அதிர்கவை உணரிகள்

தொழிற்சாலைத் தொட்டிகளில் பொருத்தப்படும் அதிர்கவை உணரி திரவத்தின் உயரத்தை அளப்பதில்லை. தான் நிற்கும் மட்டத்துக்குத் திரவம் வந்திருக்கிறதா, இல்லையா என்பதை மட்டுமே அது சொல்லும். தொட்டி வழியாமல் காக்கவும், திரவமின்றி பம்பு ஓடாமல் தடுக்கவும் இந்த ஒரு விடையே போதும்.

இசைக்கவையைப் போன்ற இரண்டு உலோகக் கிளைகள் தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்க, அவற்றின் அடிப்பகுதியில் பீசோ எலக்ட்ரிக் படிகங்கள் அடைபட்டிருக்கும். மின்னழுத்தம் தந்தால் இப்படிகம் உருமாறும். அழுத்தினால் மின்னழுத்தம் தரும். எனவே படிகங்களைக் கொண்டே கவையை அதிரச் செய்யவும், அது எவ்வளவு வேகமாக அதிர்கிறது என்று அறியவும் முடிகிறது. கிளைகள் எதிரெதிர்த் திசைகளில் அசைவதால் அவற்றின் விசைகள் அடிப்பகுதியில் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. அதிர்வின் ஆற்றல் தொட்டிச் சுவருக்குக் கசிவதில்லை.

காற்றில் இருக்கும்போது பல கவைகள் ஏறத்தாழ 1,000 முதல் 1,400 ஹெர்ட்ஸ் வரையிலான தம் இயல் அதிர்வெண்ணில் அதிர்கின்றன. திரவம் சூழ்ந்ததும், கிளைகள் தம்மோடு அதில் ஒரு பகுதியையும் முன்னும் பின்னும் தள்ள வேண்டியிருக்கிறது. உலோகத்தின் விறைப்பு மாறவில்லை. அசைய வேண்டிய நிறை மட்டும் கூடிவிட்டது. ஆகவே அதிர்வெண் குறைகிறது. அது குறித்த வரம்புக்குக் கீழே இறங்கியதும் மின்னணுச் சுற்று தன் வெளியீட்டை மாற்றுகிறது.

இதில் திரவத்தின் நிறத்துக்கோ மின்கடத்தும் திறனுக்கோ வேலை இல்லை; அடர்த்திதான் முக்கியம். மிக லேசான திரவங்களில் வீழ்ச்சி சிறிதாக இருப்பதால் வரம்பை அதற்கேற்ப அமைக்க வேண்டும். கிளைகளுக்கிடையே அடைத்துக்கொள்ளும் அளவுக்குக் கெட்டியான பசைகளுக்கு இக்கருவி ஒத்துவராது.

என் பார்வையில் இதன் உண்மையான சிறப்பு, ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருப்பதுதான். 2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் பெட்ரோல் தொட்டி வழிந்து பெருவெடிப்பு நேர்ந்தது. மட்டத்தை அளந்த கருவி அசையாமல் சிக்கியிருந்தது; தனியாக இருந்த உயர்மட்ட சுவிட்சும் (அது வேறு வகையைச் சேர்ந்தது) செயலற்றுக் கிடந்தது. திரவம் மேலே வரும்வரை சும்மா இருக்கும் சுவிட்ச், பழுதாகியும் சும்மாதான் இருக்கும். அதிர்கவையில் அதிர்வே நின்றுபோனால் மின்சுற்று அதை உடனே பழுதாகக் காட்டிவிடும். அரிப்பால் நுனிகள் தேய்ந்தால், காற்றில் இருக்க வேண்டியதைவிட அதிர்வெண் உயரும்; அதையும் கண்டுபிடிக்கலாம்.

படிவு ஒட்டுவதுதான் சிக்கலானது. கூடிய நிறை திரவத்தைப் போலவே அதிர்வெண்ணைக் குறைக்கும். வழிவுத் தடுப்பில் இது வீண் எச்சரிக்கையோடு போய்விடும். பம்பைக் காக்கும் கவையிலோ, தொட்டி காலியான பிறகும் திரவம் இருப்பதாகவே காட்டும். மேலும், கவை தரும் சமிக்ஞை வால்வை உண்மையில் மூடுகிறதா என்பதைக் கவையால் அறிய முடியாது; அதனால் சமிக்ஞை முதல் வால்வு வரை முழுத் தொடரையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை இயக்கிச் சோதிக்கிறார்கள்.